கடம்பூர் கைகாட்டியில் நின்ற வண்டி

காலை எட்டு மணிக்குக் கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் ஈரமும் டீசல் புகையும் கலந்து அடித்தது. இரவு முழுக்க மழை. முந்தின நாள் நண்பர் மகளின் கல்யாணம் முடிந்துவிட்டது. மறுநாள் பாளையங்கோட்டையில் என் மனைவி வடிவின் அத்தை வீட்டில் சாப்பாடு. நடுவில் ஒரு நாள் கைக்குக் கிடைத்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து புறப்படும்போதே அந்த நாளுக்கு நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். அவளிடம்தான் சொல்லவில்லை.

“கடம்பூருக்குப் போய்விட்டு வரலாமா?” என்றேன்.

“அங்க என்ன இருக்கு?”

“நீ பிறந்த இடம்.”

வடிவு என்னை முறைத்தாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டாள். சீட்டு ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய். தூரமும் ஏறக்குறைய அத்தனை கிலோமீட்டர்தான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சண்முகவடிவு பிறந்தது ரயிலில். அவளுடைய அப்பா விருதுநகரில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். திருநெல்வேலியில் அவருடைய தகப்பனார் சாகக் கிடக்கிறார் என்று தந்தி வர, நிறைமாதக் கர்ப்பிணியான மனைவியையும் கூட்டிக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் கிளம்பியிருக்கிறார். கரி வண்டிக் காலம். கடம்பூருக்கு வெளியே, வழிவிடும் சிக்னல் கைகாட்டி இறங்காமல் வண்டி நின்றுவிட்டது. அங்கேயே, கரிசல் காட்டுக்கு நடுவில், வடிவு பிறந்தாள். அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது தாத்தாவின் உயிர் போயிருந்தது. “அண்ணன் வந்துட்டானா, வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே போனாரு” என்று அப்பாவின் தங்கையான அத்தை இன்றும் சொல்வாள். சொல்லிவிட்டு வடிவைப் பார்த்து, “பொறக்கும்போதே வண்டிய மறிச்சவ” என்பாள்.

வடிவுக்கு ஒன்பது வயதாகும்போது அவள் அம்மா இறந்துபோனார். வளர்த்தது அதே அத்தைதான். நல்லது கெட்டது எதற்கும் அந்த ஒரு வாக்கியம் கூடவே வந்தது. வீட்டில் பால் திரிந்தாலும் வந்தது. எங்கள் கல்யாணப் பந்தலிலும் வந்தது. வடிவின் அப்பா பக்கத்தில் இருப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். ஏழு வருடங்களுக்கு முன் அவரும் போய்விட்டார்.

எனக்கு இதில் வேறொரு ஆர்வமும் உண்டு. கைகாட்டி ஏன் இறங்கவில்லை? பழைய ரயில்களைப் பற்றி எது கிடைத்தாலும் படிக்கிற ஆள் நான். அந்தக் கேள்வி முப்பது வருடமாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

ஒன்பது மணி. சாலையின் இருபுறமும் மழையில் ஊறிய கறுப்பு மண். உளுந்தும் மக்காச்சோளமும் முளைத்திருந்தன. தொலைவில் காற்றாலைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேகத்தில் சுற்றின. கடம்பூரில் இறங்கியதும் ஒரு போளிக் கடைக்குள் நுழைந்தோம். கல்லில் நெய் பொரிந்துகொண்டிருந்தது. ஒரு பாக்கெட் அறுபது ரூபாய். கடைக்காரர் முருகன், ஐம்பது வயதுக்காரர். பழைய மீட்டர்கேஜ் காலத்து ஸ்டேஷனைப் பற்றிச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன்.

“ரயில்வேக்காரவுக யாரும் இப்ப இல்ல அண்ணாச்சி. எங்க பெரியம்மா இருக்காவ. அந்தக் காலத்துல ஸ்டேஷன்ல அவிச்ச கடலை வித்தவுக. பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாவ, பாத்துக்கிடுங்க” என்றார். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

பெரியம்மாவின் பெயர் பேச்சியம்மாள். எண்பதைத் தாண்டியவர். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து, தெருவில் தேங்கிய தண்ணீரை வாருகாலுக்குத் தள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரனுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். வடிவு யாரென்று நான் சொல்லவில்லை. ரயிலைப் பற்றித்தான் கேட்டேன்.

“மணி பாத்து யாரு வேலை செஞ்சா? வண்டி பாத்துதான். காலை வண்டி போனா அடுப்பு பத்த வைக்கணும். மெயில் போனா மாட்டைப் பிடிச்சுக் கட்டணும். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டம்மா வண்டிச் சத்தம் கேட்டுத்தான் சோறு வடிப்பாவ. சாயங்காலமானா பாயிண்ட்ஸ்மேன் மண்ணெண்ணெய் விளக்கத் தூக்கிட்டுக் கைகாட்டி மரத்துல ஏறுவாரு. கீழ இருந்து பாத்தா எங்களுக்கே கால் கூசும்.”

“கைகாட்டி எப்போதாவது இறங்காமல் போகுமா?”

“போகுமாவா? மழை பேஞ்சா போச்சு. சிக்னல் கேபின்ல இருந்து இழுக்கிற கம்பி தண்டவாளத்து ஓரமா தரையோட தரையாத்தான போகும்? நம்ம மண்ணு தண்ணி குடிச்சா பொங்கும். பொங்கிச் சரிஞ்சு கம்பியக் கவ்விக்கிடும். இவிய இங்கன இழுப்பாவ, அங்கன கை அசையாது. டிரைவர் ஊதுவாரு, ஊதுவாரு, ஊரே காதப் பொத்திக்கிடும். எங்களுக்குக் கொண்டாட்டம். கூடையத் தூக்கிட்டு வண்டி நிக்கிற எடத்துக்கு ஓடுவோம். பசிச்ச சனம், போக்கிடம் இல்ல. கடலை பூராவும் வித்துரும்.”

என் முப்பது வருடக் கேள்விக்கு ஒரே மூச்சில் பதில் கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் நான் வடிவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. கட்டிலுக்கு அருகே நகர்ந்து நின்றாள்.

“அப்படி நின்ன வண்டில பிள்ளை பொறந்துச்சாமே, ஆச்சி?” என்றாள்.

“ஆமா. ஐப்பசி மழையில. ஆவுடையம்மான்னு ஒரு பொண்ணு. நாந்தான காலைப் பிடிச்சிருந்தேன்.” பேச்சியம்மாள் பேச்சை நிறுத்தி, கண்ணைச் சுருக்கினார். “நீ எதுக்குக் கேக்க?”

“அது எங்கம்மா.”

“ஏட்டி! இங்கன வா. வெளிச்சத்துக்கு வா.” வடிவின் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மூக்கு உங்கப்பனத்தான் உரிச்சு வச்சிருக்கு. அம்மா இருக்காளா?”

“இல்ல. ரெண்டு பேருமே இல்ல.”

கிழவி கட்டிலில் இடம்விட்டு அவளை உட்காரவைத்தார். முருகன் எனக்கு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

“அன்னைக்கு வண்டி நின்னு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் உங்கம்மாவுக்கு வலி வந்துச்சு. பெட்டில இருந்த ஆம்பளையள எல்லாம் எறக்கிவிட்டுட்டோம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போற பொண்ணு ஒருத்தி இருந்தா, அவளுக்குப் பேறுகாலம் பாக்கத் தெரியும். வெந்நி வேணும்னா. காட்டுக்குள்ள வெந்நிக்கு எங்க போக? எஞ்சின்ல டிரைவர் ஒரு வாளி நிறையப் பிடிச்சுக் குடுத்தாரு.”

“அது தெரியும். அம்மா சொல்லியிருக்கா” என்றாள் வடிவு. “என்னாலதான் வண்டி நின்னுச்சுன்னு எங்க அத்தை சொல்லுவா. சிக்னல் இறங்காததுக்கு நான் என்ன ஆச்சி செய்யட்டும்?”

“சிக்னலு இறங்கிருச்சே!”

வடிவு அவரையே பார்த்தாள்.

“பாயிண்ட்ஸ்மேன் மண்வெட்டியோட வந்து, மண்ணத் தள்ளி, கம்பிய எடுத்துவிட்டாரு. கை இறங்கிருச்சு. டிரைவர் ஊதிட்டாரு. கார்டு பச்சைக் கொடிய எடுத்துட்டாரு. உள்ள பிள்ளைக்குத் தலை தெரியுது. அந்த வண்டி கிளம்பும்போது குலுக்குற குலுக்குல என்ன ஆகுமோன்னு நாங்க கெடந்து கத்துதோம். அப்பத்தான் உங்கப்பா ஓடுனாரு. கடைசிப் பெட்டிக்கு ஓடி, கார்டு கையக் கொடியோட சேத்துப் பிடிச்சுக்கிட்டாரு.”

“எங்கப்பாவா?”

“பின்ன யாரு? காலப் பிடிக்க இன்னொருத்திய விட்டுட்டு, பிள்ளைக்குத் துணி கேக்கதுக்கு அவரு பின்னாலயே ஓடுனவ நான், பக்கத்துலதான் நிக்கேன். கார்டு ஐயா கெட்டவரு இல்ல. ‘ஸ்டேஷன் கூப்பிடு தூரந்தான, அங்கன மருத்துவச்சி இருக்கா, போயிருவோம்’ங்காரு. இவரு விடல. சனமெல்லாம் கூடிருச்சு. சாத்தூர்ல இருந்து இவருகூடப் பேசிக்கிட்டே வந்த ஒருத்தரு சொல்லுதாரு, ‘யோவ், உங்க அய்யா கெடையில கெடக்காரு, முகத்தப் பாக்க வேண்டாமா, வண்டிய விடும்’னு. அதுக்கு உங்கப்பா...” பேச்சியம்மாள் நிறுத்தி, மூச்சு வாங்கினார். “‘அய்யா எம்பது வருசம் இருந்துட்டாரு. இது இன்னும் வரவே இல்ல’ன்னாரு. அழுதுக்கிட்டேதான் சொன்னாரு. கார்டு கொடியச் சுருட்டிட்டாரு. அப்ப ஒத்தப் பாதைதான, எதிர் வண்டி ஸ்டேஷன்ல காத்துக் கெடந்துச்சு. நீ கத்துன பொறகுதான் வண்டி எடுத்தாவ.”

பக்கத்து வீட்டுக்காரன்கூட விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“அப்பா ஒரு வார்த்தை சொல்லலியே” என்றாள் வடிவு.

“எப்படிச் சொல்லுவாரு? செத்த வீட்டுல போயி, நாந்தான் வண்டிய நிறுத்துனேன்னு பெத்தவகிட்டச் சொல்ல முடியுமா?”

பதினொன்றரை மணிக்கு முருகன் எங்களை ஊருக்கு வடக்கே அழைத்துப்போனார். தண்டவாளத்தை ஒட்டிய வண்டிப்பாதை. நாலடி வைப்பதற்குள் செருப்பில் மண் அப்பி, கால் கனத்தது. வடிவு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பழைய பாதையை எப்போதோ பெயர்த்து, அகலப்பாதை போட்டு, இப்போது இரட்டை வழியும் மின்கம்பியும் வந்துவிட்டன. கைகாட்டி மரம் நின்ற தடமே இல்லை. “இந்த வாக்குலதான் இருந்திருக்கணும்” என்று முருகன் கையை நீட்டிய இடத்தில் உளுந்து பச்சையாக நின்றது. நான் கேபின் எங்கே இருந்திருக்கும், கம்பி எத்தனை தூரம் ஓடியிருக்கும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். வடிவு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள். அப்போது ஒரு விரைவு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் கடைசிப் பெட்டியும் மறைந்துவிட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதவன்போல் இருந்தேன்.

பேச்சியம்மாள் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. கிளம்பும்போது வடிவு அவர் காலைத் தொட்டாள். “அன்னைக்கு நான் உன் அம்மா காலைப் பிடிச்சேன். இன்னைக்கு நீ என் காலைப் பிடிக்க” என்று கிழவி சிரித்தார்.

மாலை நான்கு மணி. கடம்பூர் ஸ்டேஷன். கோவில்பட்டிக்குச் சீட்டு பத்து ரூபாய். நடைமேடையில் எங்களைத் தவிர நான்கைந்து பேர்தான். வண்டிக்குக் காத்திருந்தபோது வடிவின் கைபேசி அடித்தது. அத்தை. அவள் பேசினால் கைபேசி தேவையில்லை. அந்தக் குரல் எனக்கும் கேட்கும்.

“எங்கன இருக்க?”

“கடம்பூர்ல அத்தை.”

“அங்க என்ன சோலி? வண்டிய மறிச்ச எடத்தப் பாக்கப் போனியாக்கும்?”

நான் வடிவைப் பார்த்தேன். சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். ஐம்பது வருடத்துக்கு மேல் தூக்கிச் சுமந்ததை இறக்கிவைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

“ஆமா அத்தை, பாத்துட்டேன். நல்ல எடந்தான். உளுந்து போட்டிருக்காவ” என்றாள். “போளி வாங்கியிருக்கேன். நாளைக்கு வாரோம். சுகர் மாத்திரை போட்டியளா?”

பேசி முடித்ததும் கேட்டேன், “ஏன் சொல்லவில்லை?”

அவள் கைபேசியைப் பையில் வைத்தாள். “அத்தைக்கு அவிய அண்ணன்னா உசிரு. தெரியும்லா உங்களுக்கு? அப்பா வேணும்னே வரலன்னு இந்த வயசுல தெரிஞ்சா அவிய எங்க போயி நிப்பாவ? எம்மேல கோவப்பட்டுக்கிட்டேதான் என்னய வளத்தாவ. அது அப்படியே இருக்கட்டும். எனக்கு இப்ப ஒண்ணும் வலிக்கல.”

வண்டி வந்தது. சன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் கோவையில் மலையைப் பார்த்தே திசை சொல்லிவிடலாம். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே கறுப்பு நிலம், ஒரே வானம். அதற்குள் ஓர் இடத்தை இதுதான் என்று கைநீட்டிக் காட்ட ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

கடம்பூரைத் தாண்டியதும் வடிவு பேச ஆரம்பித்தாள். அப்பா வெற்றிலை மடிக்கிற விதம், பஞ்சாலையிலிருந்து வரும்போது அவர் புருவத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சு, அவளுக்குச் சைக்கிள் பழக்குகிறேன் என்று அவரே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டது. முப்பது வருடத்தில் அவள் தன் அப்பாவைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. கோவில்பட்டி வந்துவிட்டது, எல்லோரும் இறங்கினார்கள். நாங்களும் இறங்கி, நடைமேடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் இன்னும் முடித்திருக்கவில்லை.