காலியாக இருந்த கட்டம்

மயிலாப்பூரில் நான்கு குடித்தனங்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் குழாய்த் தண்ணீர் இலாகாவில் குமாஸ்தா. எந்தத் தெருக் குழாய் எப்போது புதைத்தது, எது துருவேறியது, எதை முதலில் மாற்றுவது என்று வருஷா வருஷம் பட்டியல் தயாரிப்பார். குழந்தை தூங்கும் மத்தியானங்களில் நான் அதற்குச் சுத்தப் பிரதி எழுதித் தருவேன்.

அந்த வருஷப் பட்டியலில் எங்கள் தெருவும் இருந்தது. சாக்கடையை ஒட்டிப் போகும் குழாய், இணைப்புகளில் கசிவு, மாற்றுவது அடுத்த வருஷம். ‘புகார்’ என்ற கட்டம் காலி.

"நம்ம தெருவை இப்பவே போடக் கூடாதா?"

"புகார் வந்த தெருவுக்குத்தான் முன்னுரிமை. நானாப் போட்டா, சொந்தத் தெருன்னு பேசுவா. நீ வெளியில மூச்சு விடாதே."

விடவில்லை. என் குழந்தைக்கு மட்டும் தண்ணீரைக் காய்ச்சத் தொடங்கினேன்.

எதிர்க் குடித்தனத்து மாமி சிரித்தாள். "ஏண்டி, ஸ்கூலுக்குப் போனவா தண்ணியையும் சமைப்பாளா? கொஞ்சம் தாளிச்சும் கொட்டேன்!"

நானும் சிரித்தேன். சொல்லிவிடலாமா என்று குழாயடியில் தினமும் யோசிப்பேன். அவர் வேலை போய்விட்டால்? அதற்குள் குடம் நிரம்பிவிடும்.

ஆடியில் மாமியின் மூன்று வயதுப் பெண்ணுக்கு ஜுரம் கண்டது. டைபாய்டு, தண்ணீரால் வந்தது என்றார் டாக்டர். மாமி சொம்போடு வந்து நின்றாள்.

"காய்ச்சின ஜலம் கொஞ்சம் தாடி. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"புஸ்தகத்துல படிச்சேன், மாமி."

மூன்றாவது வாரம் அந்தக் குழந்தை போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் இலாகாவுக்குப் புகார் எழுதினேன். காலையில் முதல் தண்ணீர் நாறுகிறது என்று நாலு வரி. அதில் ஆபீஸ் ரகசியம் ஒன்றுமில்லை, முன்பே எழுதியிருக்கலாம். அப்போது எனக்குத் தோன்றவில்லையா, தோன்றியும் விட்டுவிட்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

மாமி கையெழுத்துப் போட்டாள். "இப்படி எழுதினா மாத்திடுவாளா?"

"மாத்துவா, மாமி."

"இவ்வளவுதானா?"

நான் காகிதத்தை மடித்தேன்.

ஆபீசில் என் எழுத்தை அவர் அடையாளம் கண்டிருப்பார். திருத்திய பட்டியலைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் தெரு முதல் வரியில் இருந்தது. மறுநாள் மத்தியானம் பிரதி எழுத உட்கார்ந்தேன். ‘புகார்’ கட்டத்தில் ‘ஒன்று’ என்று எழுதினேன். பக்கத்தில் என் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.