தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர்

திண்டிவனத்தில் உரக்கடை வைத்திருக்கும் சீனுவாசன் நாற்பத்தேழு வயதில் சைக்கிள் வீரரானார். அடுத்த தெருவில் பால் வாங்கக்கூட பைக்கில் போகிறவர்தான். ஞாயிறானால் மட்டும் இறுக்கமான டிராயரை மாட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டர் மிதிப்பார். ஊரில் சைக்கிள் குழுவை ஆரம்பித்ததும் அவரே. ‘யாரையும் விட்டுச் செல்ல மாட்டோம்’ என்று எல்லார் பனியன் முதுகிலும் கொட்டை எழுத்தில் அச்சடிக்க வைத்ததும் அவரே.

போன ஞாயிறு பனமலை ஏரிக்குப் போய்த் திரும்பும்போது, விக்கிரவாண்டி அருகே குழுவிலிருந்த யாஹ்யாவின் சைக்கிள் பஞ்சரானது.

“நீ ஒட்டிக்கினு மெதுவா வா தம்பி. நின்னா என் ஆவரேஜ் ஸ்பீடு போயிடும்” என்று சொல்லிவிட்டுப் பறந்தார் சீனுவாசன். தலைவரே போன பிறகு மற்றவர்கள் நிற்பார்களா?

வீட்டு வாசலில் செல்போனைப் பார்த்தால் தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. அதை எந்த முகத்தோடு வாட்ஸ்அப்பில் போடுவது? தெருவையே சுற்ற ஆரம்பித்தார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்து எதிர்வீட்டம்மா ஒதுங்கி வழிவிட்டார். ஒன்பதாவது சுற்றில் ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. அதே தெருவில் குடியிருக்கும் யாஹ்யா சைக்கிளோடு இறங்கினான்.

“இன்னாண்ணே, நான் டீ குடிச்சி, வண்டி புடிச்சி வந்தே எறங்கிட்டேன். நீங்க இன்னும் வீடு போய்ச் சேரலியா?”

சீனுவாசன் நிற்கவில்லை. நின்றால் ஆவரேஜ் போய்விடும். தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். அவர் தெருமுனை திரும்பும்வரை, முதுகில் இருந்ததை யாஹ்யா எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தான்.