டயர் எரிந்த காலிமனை

வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது பின்பக்கம் வெறும் காலிமனைதான். பிறகு பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் அங்கே தகரக் கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு தங்கினார். லாரி டயர்கள் கொட்டகை உயரத்துக்குச் சேர்ந்தன. அவற்றை எரித்தால் உள்ளே இருக்கிற கம்பி தனியாக வந்துவிடும். வாரத்தில் இரண்டு முறை கரும்புகை எழும். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். இரண்டு வருஷமாக அதை மட்டும்தான் செய்தேன்.

போன மாசியில் ஒரு மத்தியானம். கணவர் வேலைக்குப் போயிருந்தார். ஐந்து வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். திடீரென்று காற்று திரும்பி, புகை மொத்தமும் எங்கள் வீட்டின் மேல் கவிழ்ந்தது. எப்போதும் எதிரே நிற்கிற மலையே தெரியவில்லை. ஓடி இறங்கினால், மகள் கட்டிலில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு விசில் சத்தத்தோடு மூச்சுக்குத் தவிக்கிறாள். அழக்கூட அவளால் முடியவில்லை. கழுத்துக்குழி உள்வாங்கி உள்வாங்கி வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆட்டோவில் அவள் நெஞ்சின்மேல் வைத்த கையை நான் எடுக்கவே இல்லை. எடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயம்.

ஆஸ்பத்திரியில் மருந்துக் காற்று வைத்து, மூச்சு அடங்கியபின் டாக்டரம்மா கேட்டார்.

"வீட்டுப் பக்கத்துல என்ன எரிக்கிறாங்க?"

"டயருங்க."

"அது விஷம்மா. அடுத்த தடவை இவ்ளோ நேரம் கெடைக்கும்னு நெனைக்காதீங்க."

மறுநாள் காலை, வீடு திரும்பிய மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, சண்டை போடத்தான் கொட்டகைக்குப் போனேன். உள்ளே சேலைத் தூளியில் இரும்புக்காரருடைய கைக்குழந்தை. மூக்கோரம் கரி. அதன் மூச்சிலும் அதே விசில் சத்தம்.

"எத்தினி நாளா இப்படி இருக்குது?"

"சளிதான்க்கா. பத்து நாளா ஜாஸ்தியா இருக்குது" என்றாள் அவர் மனைவி.

"சளி இல்லம்மா. என் பொண்ணு நேத்து இப்படித்தான் கெடந்தா. குழந்தைய தூக்கிக்கினு வா, இப்பவே போலாம்."

அவர் வெளியே புகைந்துகொண்டிருந்த டயரின்மேல் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார்.

அந்தக் குழந்தை நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தது. அதன்பின் அவர் எரிப்பதில்லை. டயர்களை முழுசாகவே வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். அவை எங்கே போகின்றன என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மகள் தினமும் இரண்டு வேளை இன்ஹேலர் இழுக்கிறாள். அவள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பதை என்னால் இன்னும் நிறுத்த முடியவில்லை.