சோற்றுப் பானையை விட்டு ஏறிய மலை

ஐறீன் அக்காவோடு மலை ஏற வருகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: சோறு வரக்கூடாது. பாண் வரலாம், அவித்த முட்டை வரலாம். கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனைப் பெண்கள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ட்ரிப் என்றால் வான், பைலாப் பாட்டு, சோற்றுப் பானை. பானை இல்லாமல் வானில் ஏறுவது செத்த வீட்டுக்குப் போகத்தான் என்றாள் ஒருத்தி. சிரிக்கட்டும். அந்தச் சட்டம் பிறந்த இடத்தில் நான் இருந்தேன், அதுவும் கொலைப் பசியோடு.

நான் றமீலா, வெள்ளவத்தை. நாங்கள் இரண்டு பேரும் கென்யாவில், நைரோபிக்குச் சற்று வெளியே ஒரு கார்மன்ட் தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை செய்தோம். அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், தையல் லைன்களுக்கு சூப்பர்வைசர். ஐம்பது வயதில் முதல் தடவையாக விமானம் ஏறியவர். அவருடைய கணவர் றொபேட் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவர் வாயில் எந்நேரமும் ஒரு சொல் இருக்கும்: "உனக்கு ஏலாது." கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு நடந்து போவோமா என்றால், "உனக்கு ஏலாது, ஓட்டோ பிடிப்பம்." கென்யாவுக்குப் போன பிறகும் வாட்ஸ்அப்பில் அதே பாட்டு. பக்கத்தில் இருந்து கேட்கும் எனக்கு ரத்தம் கொதிக்கும். அக்கா சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அங்கே லொங்கொனோட் என்று ஓர் எரிமலை உண்டு. இப்போது அடங்கிக் கிடக்கிறது. மேலே ஏறினால் பெரிய பள்ளம், பள்ளத்துக்குள்ளே ஒரு காடு, விளிம்பைச் சுற்றி ஒற்றையடிப் பாதை. எங்களோடு வேலை செய்த கென்யப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை அதைச் சுற்றி வந்துவிட்டு, திங்கள் காலை ஒன்றும் நடக்காததுபோல மெஷினில் உட்காருவார்கள். அக்காவுக்கு ஆசை பிடித்துவிட்டது. ஏறினால் போதாது, முழுதாகச் சுற்ற வேண்டும் என்றார்.

முதல் தடவை நாங்கள் இலங்கைப் பெண்கள் பதினொரு பேர். விடிய ஆறு மணிக்குப் புறப்படுவதாகப் பேச்சு. மஞ்சள் சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய் மோஜு எல்லாம் முடிந்து அப்பளம் பொரித்து இறக்கவே எட்டரை ஆகிவிட்டது. வழியில் தேத்தண்ணிக்கு வேறு நிறுத்தம். பானையை மாறி மாறித் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு வந்தபோது பகல் ஒரு மணி. அங்கே நின்ற வனக் காவலர் பானையைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். இனிச் சுற்ற விடமாட்டேன், ஆறு மணிக்குக் கேட் பூட்டிவிடுவோம் என்றார். சோற்றைத் தின்றுவிட்டு இறங்கினோம்.

இரண்டாம் தடவை பானை இல்லை, பார்சல். புத்தி வந்ததாக நினைப்பு! பத்தரைக்கே விளிம்பில் இருந்தோம். பருப்பு, கருவாட்டுப் பொரியல், தேங்காய்ச் சம்பல். தின்றதும் கண் செருகியது. பத்து நிமிடம் சாய்வோம் என்று சாய்ந்து, எழும்பியபோது ஒன்றே முக்கால். அதே காவலர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்று பின்னேரம் றொபேட் அண்ணன் போனில் சிரித்தார். "நான் சொன்னனான்தானே, உனக்கு ஏலாதெண்டு. சும்மா ஏன் அலையிற? வேலை முடிஞ்சதும் வந்து வீட்டில இரு."

அன்று மட்டும் அக்கா சிரிக்கவில்லை. "சுத்தி வந்தா?"

"வந்தா, அந்தச் சொல்லை உனக்கு இனிச் சொல்ல மாட்டன்."

"வராட்டி, வந்து வீட்டில இருக்கிறன். எங்கயும் போகக் கேக்கவே மாட்டன்."

எனக்கு அந்தப் போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. எங்கள் வேலை ஒப்பந்தம் முடிய ஒரேயொரு ஞாயிறுதான் மிச்சம். யாராவது இப்படிப் பந்தயம் கட்டுவார்களா?

அந்த ஞாயிறு நாங்கள் இரண்டு பேர் மட்டும்; முட்டையும் அவித்த வற்றாளங்கிழங்கும் தண்ணீரும்தான். வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே ஏறினேன். ஒன்பதரைக்கு விளிம்பில் நின்றோம். காவலர் முதல் வேலையாக எங்கள் பைகளைத் திறந்து சோறு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லையென்றதும் வாய்விட்டுச் சிரித்து வழிவிட்டார்.

பாதை முழுக்கச் சாம்பல் புழுதி. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் சரிவு. கீழே ஒட்டகச்சிவிங்கிகள் எறும்பளவில் தெரிந்தன. உச்சியை நெருங்கும் இடத்தில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். அக்கா முழங்காலைத் தேய்த்துத் தேய்த்து ஏறினார், எனக்குத் தலை சுற்றியது. நான் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, ஏலாது. திரும்புவம்."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது எந்தச் சொல் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா முகத்துப் புழுதியைத் துடைத்தார். "றமீலா, இது வட்டம். பாதி வந்தாச்சு. திரும்பினாலும் இவ்வளவு தூரம், முன்னுக்குப் போனாலும் இவ்வளவு தூரம். பிறகு என்னத்துக்குத் திரும்புற?"

எழும்பினேன். ஏற முடிந்த இடத்தில் ஏறினோம், இறங்க முடியாத இடத்தில் உட்கார்ந்து சறுக்கினோம். அக்காவின் காற்சட்டைப் பின்பக்கம் கிழிந்தே போனது. இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது காவலர் நின்ற அதே இடத்துக்கு, மறுபக்கத்தால் வந்து சேர்ந்தோம். அவர் அக்காவுக்கு சல்யூட் அடித்தார். "அந்தோனியாரே!" என்று அக்கா போட்ட கூச்சல் பள்ளத்துக்குள் போய்த் திரும்பி வந்தது. நான் அழுதேன். எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அங்கேயே நின்று அக்கா வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். போனைத் தூக்கிப் பிடித்து, அந்த விளிம்பு முழுவதையும் மெதுவாகச் சுற்றிக் காட்டினார். றொபேட் அண்ணன் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"முழங்கால் நோகுதா?"

"ஓம், நோகுது."

"சரி... தண்ணி குடி."

சொன்ன சொல்லை மனிதர் காப்பாற்றினார். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஐறீன் அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வான் நிறையப் பெண்களை மலைக்குக் கூட்டிப் போகிறார். புறப்பாடு ஆறு மணி என்றால் ஆறு மணி. போன மாதம் கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானை மலை. முதல் தடவையாக றொபேட் அண்ணனும் வந்தார். பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"எனக்கு ஏலாது, ஐறீன்."

அக்கா ஒரு முட்டையை உரித்து அவர் கையில் வைத்தார்.

"சாப்பிட்டிட்டு எழும்புங்க. உங்களுக்கு ஏலும்."