ஒன்பதாம் மாடிக்காரரின் கந்தூரி

ஹபீபா பீவி அக்காவின் பக்கத்து வீட்டில் குடியிருப்பதும் ஒரு வேலைதான். பல்கலைக்கழக நூலகத்தில் நான் பார்க்கும் வேலைக்காவது சனி, ஞாயிறு விடுமுறை உண்டு. அக்காவிடம் அதுவும் கிடையாது. காலை ஆறே முக்காலுக்குக் கதவைத் தட்டுவார். திறந்தால் கையில் கோப்பு இருக்கும். "அனுஜா, ஒரு கடிதாசி எழுதணும். நல்ல மலாய்ல." பல் விளக்கிவிட்டு வருகிறேன் என்றால், "விளக்கிக்கிட்டே கேளேன்லா" என்பார்.

கெலுகோரில் எங்கள் கட்டடத்துக்குப் பதினான்கு மாடி. அறுபத்து நான்கு குடும்பங்கள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பெரிய கம்பெனி கட்டடத்தை மொத்தமாக வாங்கியது. அன்றிலிருந்து எல்லோரும் அதன் வாடகைக்காரர்கள். கம்பெனி செய்த முதல் காரியம், வாசலில் பிளாஸ்டிக் பூச்செடி வைத்தது. இரண்டாவது காரியம், கைப்பேசியில் ஒரு செயலி. புகார் எதுவானாலும் அதில்தான் போட வேண்டும். போட்டால் இருபத்து நான்கு மணி நேரத்தில் 'தீர்ந்தது' என்று பச்சை எழுத்தில் பதில் வந்துவிடும். தீர்ந்திருக்காது. எங்கள் பொறுமைதான் தீர்ந்திருக்கும்.

இரண்டு லிப்டில் ஒன்று போன வருடம் நின்றது. அதன் பாகங்களைக் கழற்றி மற்றதில் மாட்டி ஓட்டினார்கள். இந்த வருடம் அதுவும் நின்றது. ஏழு வாரத்தில் அக்கா ஒன்பது முறை புகார் போட்டார். ஒன்பதும் பச்சை.

எனக்கு லிப்ட் இல்லையென்றால் முட்டி வலிக்கும், அவ்வளவுதான். அக்காவின் கணவர் நாகூர் மீரான் அண்ணனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. முப்பது வருடம் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர். இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் அவருடைய வலது காலை வாங்கிக்கொண்டது, பிறகு சிறுநீரகத்தையும் வாங்கிக்கொண்டது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸுக்குப் போயே ஆக வேண்டும். ஒன்பது மாடி இறங்க வேண்டும், பிறகு ஒன்பது மாடி ஏற வேண்டும்.

நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிப் போனார்கள். முதல் வாரம் எட்டுப் பேர் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். நான்காம் வாரம் நான் கதவு கதவாகத் தட்டினேன். இடுப்பு வலி, வேலைக்கு நேரமாச்சு, மாமியார் வீடு என்று ஆளுக்கொரு காரணம். ஏழாம் வாரம் வியாழக்கிழமை இரண்டே பேர் வந்தார்கள். அண்ணன் அன்று போகவில்லை. மறுநாள் முகம் வீங்கி, மூச்சு வாங்கி, பேச முடியாமல் கிடந்தார்.

சனிக்கிழமை எப்படியோ கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டுபோய் வந்தோம். வீட்டுக்குள் வந்ததும் அவர் சொன்னார்: "போதும் ஹபீபா. மூட்டை மாதிரித் தூக்கிட்டுப் போறதும், ஊர் நின்னு பார்க்கறதும் போதும். செவ்வாய்க்கிழமை நான் போகலை."

அக்கா என் வீட்டுக்கு வந்தார். கையில் கோப்பு இல்லை. என் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அப்படி அவரை நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா அழுகிற ஆளே அல்ல. பிறந்தது லிட்டில் இந்தியாவில், குவீன் தெருவில் ஒரு துணிக்கடை மாடியில். பத்தொன்பது வயதில் கல்யாணம். அதன் பிறகு இருபத்திரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்துக் கேண்டீனைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். இருபது நிமிட இடைவேளையில் நானூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சாப்பிட வைத்து அனுப்பியவர். வரிசையில் நிற்காதவனுக்கு அவர் கையால் மீ கோரெங் நூடுல்ஸ் கிடைக்காது. எங்கள் கட்டட மேலாளர் ஹைக்கலும் அந்த வரிசையில் நின்று வளர்ந்தவன்தான். இப்போது டை கட்டியிருக்கிறான், அக்காவைக் கண்டால் இன்னமும் முதுகை நிமிர்த்துகிறான்.

அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "எல்லாரும் ஒரே கடிதாசில கையெழுத்துப் போட்டாத்தான் கம்பெனி அசையும். ஒருத்தர் ஒருத்தராப் போட்டா பச்சைதான் வரும். நாளைக்கே எல்லாரையும் கீழ ஹால்ல கூட்டணும்."

ஹாலுக்குச் செயலியில்தான் அனுமதி கேட்க வேண்டும். கூட்டம் என்றால் இருபத்தொரு நாள் முன்பே தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும். பிறந்தநாள், கல்யாணம் என்றால் பதினான்கு நாள். இறந்தவர் பெயரில் ஓதிச் சோறு போடும் கந்தூரிக்கு மட்டும் அன்றன்றே கிடைக்கும்.

"அப்போ கந்தூரின்னு போடுங்க அக்கா" என்றேன்.

அக்கா என்னை முறைத்தார். "அல்லாஹ் பேரைச் சொல்லிப் பொய் சொல்லுவேனா?" பிறகு விரல் விட்டு எண்ணினார். "மாமனார் மௌத்தாகி இருபது வருஷம் ஆச்சு. போன வருஷமே அவர் பேர்ல ஓதியிருக்கணும், விட்டுப்போச்சு. நிஜமாவே ஓதிடுவோம். ஓதி முடிச்சு, சாப்பிட்டு, அப்புறம் பேசுவோம்."

விண்ணப்பப் பாரத்தை நான்தான் நிரப்பினேன். 'கந்தூரி' என்று தேர்ந்தெடுத்ததும் பெயர்க் கட்டத்தில் வீட்டின் வாடகை ஒப்பந்தக்காரரான நாகூர் மீரான் அண்ணனின் பெயர் தானாகவே வந்து உட்கார்ந்தது. விண்ணப்பதாரர் பெயர் என்று நினைத்தேன். மாற்றவும் அது விடவில்லை. அழுத்தினேன், அனுமதி கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நெய்ச்சோறும் தால்ச்சாவும் மணத்தன. இறைச்சி போடாத தால்ச்சா ஒரு சட்டியில் தனியாக, எனக்கும் சீனர் வீடுகளுக்கும். அறுபது குடும்பம் வந்தது. அத்தனை பேரும் படியிறங்கி வந்தார்கள், அப்போது யாருக்கும் இடுப்பு வலிக்கவில்லை. ஓதினார்கள், சாப்பிட்டார்கள், பொட்டலம் கட்டிக்கொண்டார்கள். அக்கா எழுந்து லிப்ட் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ஹால் காலியாகத் தொடங்கியது. ஏழாம் மாடி ரோஹானா மூன்று பொட்டலத்தோடு என் காதருகே வந்தாள். "அடுத்த மாசம் எங்க வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும். கையெழுத்துப் போட்டா என் பேர் கெட்டுடும். தப்பா நினைக்காதீங்க" என்று மலாயில் சொன்னாள். தப்பாகத்தான் நினைத்தேன்.

மொத்தம் பதினொரு கையெழுத்து. அக்கா அண்டாவைத் தேய்த்துக் கழுவினார். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. தின்றுவிட்டுப் போன ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சோற்றைத் திருப்பிக் கேட்கலாமா என்று இருந்தது.

திங்கள் காலை ஆறே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது. அக்கா கைப்பேசியை நீட்டினார். கம்பெனியிலிருந்து கடிதம். நாகூர் மீரான் அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபம். ஒப்பந்தக்காரர் காலமானதால் வாடகை ஒப்பந்தம் முடிவுக்கு வருகிறது. குடும்பத்தினர் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யவும். கீழே ஒரு மலர் வளையத்தின் படம்.

ஏழு வாரமாக ஒரு லிப்டைப் பார்க்க நேரமில்லாத கம்பெனி, ஒரு ராத்திரியில் ஒரு மனிதரைக் கொன்று, அழுது, வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெயர்க் கட்டம் இறந்தவருக்கானது என்று அப்போதுதான் புரிந்தது. பாரத்தை நிரப்பியவள் நான் என்பதால் அழுகையும் வந்தது.

ஹைக்கலைக் கூப்பிட்டோம். ஒன்பது மாடி ஏறி வந்தான். கடிதத்தைப் படித்துத் தலையில் கை வைத்தான்.

"சிஸ்டம் தானா அனுப்பிடுச்சு மாமி. என்னால மாத்த முடியாது. மாமா ஐசி அட்டையோட நேர்ல கீழ கவுண்டருக்கு வந்தா, உயிரோட இருக்கார்னு போட்டுடலாம்."

"நேர்ல கீழயா?" என்றார் அக்கா.

ஹைக்கல் தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"ஹைக்கல், கேட்டுக்க. கொன்னது உன் கம்பெனி. மேல ஏறி வந்து பார்க்க வேண்டியதும் உன் கம்பெனி. உன் பெரிய ஆளை வரச் சொல்லு. நடந்து."

நான் கடிதத்தைப் படம் எடுத்துக் கட்டடத்தின் வாட்சாப் குழுவில் போட்டேன். ஆத்திரத்தில் போட்டதுதான், பெரிய திட்டமெல்லாம் இல்லை. பத்து நிமிடத்தில் அக்கா வீட்டு வாசலில் ரோஹானா நின்றாள். மூச்சு வாங்கியது. அவள் வீட்டு ஒப்பந்தம் அவள் கணவன் பெயரில் இருக்கிறது. அவன் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செய்பவன்.

"அவருக்கு ஏதாவது ஆனா, எனக்கும் முப்பது நாள்தானா?"

"அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.

"கையெழுத்து எங்கே போடணும்?"

அவளுக்குப் பின்னால் படிக்கட்டு நிறைய ஆள். அண்ணன் மூச்சுக்குத் தவித்தபோது வராதவர்கள் தங்கள் வீட்டுக்குப் பயந்து வந்தார்கள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் கிள்ளினார். "வரிசையா நில்லுங்க" என்றார். நின்றார்கள். மத்தியானத்துக்குள் அறுபத்து மூன்று கையெழுத்து. ஒரு குடும்பம் ஊருக்குப் போயிருந்தது.

அதற்குள் கடிதத்தின் படம் எங்கெங்கோ போயிருந்தது. ஒரு பத்திரிகைக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டாராம். மாலை நான்கு மணிக்குக் கம்பெனியின் வட்டார அதிகாரி இமான் என்ற பெண் வந்தாள். குதிகால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் குடியிருப்பவர்கள் வாசலில் ஒப்பந்தத்தோடு நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: என் புருஷன் செத்தால் எனக்கும் முப்பது நாளா? ஒன்பது மாடி ஏற அவளுக்கு ஒரு மணி நேரமானது.

நாகூர் மீரான் அண்ணன் வெள்ளைச் சட்டை, புதுக் கைலி, தலையில் தொப்பியோடு சக்கர நாற்காலியில் வாசலை நோக்கி உட்கார்ந்திருந்தார். அக்கா போட்டுவிடவில்லை. அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். தன் அடையாள அட்டையை நீட்டினார். இமான் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மன்னிப்புக் கேட்டாள். கடிதத்தை இன்றே ரத்து செய்வதாகச் சொன்னாள்.

அண்ணன் மலாயில் நிதானமாகச் சொன்னார்: "ரத்து செய்ய அவசரப்படாதேம்மா. நாளைக்குக் காலையில எனக்கு டயாலிசிஸ். நான் போகணும். நீ லிப்டைச் சரி பண்ணாட்டி, இந்தக் கடிதாசியைத் திரும்ப அனுப்பற வேலை உனக்கு மிச்சம்."

இமான் கைப்பேசியில் ஏதோ குறித்துக்கொண்டாள். அக்கா அவளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தார். பிறகு கோப்பைக் கொடுத்தார். முதல் பக்கத்தில் பெற்றுக்கொண்டதாக அவள் கையெழுத்துப் போட்டாள். 'நான் போகணும்' என்று அண்ணன் சொன்னதை அப்போதுதான் அக்காவின் மனசு வாங்கியிருக்க வேண்டும். சமையலறைக்குள் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு நீல நாற்காலியைத் தூக்க இருபத்தொரு பேர் நின்றார்கள். ஏழு வாரம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டே விட்டேன். அக்கா அவர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து, இரண்டு மாடிக்கு ஒரு குழு என்று மாற்றிவிட்டார். அண்ணன் வழியெல்லாம் "இடது பக்கம் சாயுது" என்று அதட்டிக்கொண்டே இறங்கினார்.

பத்தாம் நாள் லிப்ட் ஓடியது. முப்பது நாள் விதியை மாற்றுவது பற்றிப் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள், தேதி கொடுக்கவில்லை. செயலியில் மட்டும் அண்ணன் இன்னமும் காலமானவர்தான். திருத்தச் சொல்லி நேற்றுப் புகார் போட்டேன். 'தீர்ந்தது' என்று பச்சையில் வந்திருக்கிறது. நாளைக் காலை ஆறே முக்காலுக்கு அக்கா கோப்போடு வருவார்.