மாமா சொன்னதும் நான் தட்டியதும்

பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் மெக்கானிக் வருவார். மனுஷர்கள் மக்கர் செய்தால் ஓனர்தான் பார்க்கவேண்டும். பெங்காலிகள் ஊரில், டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் நாலு கம்ப்யூட்டரோடு ஆறு வருஷம் நான் பட்ட பாடு, கடை வைத்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆபீஸ் காப்பி

ராகவன் மாமா துறைமுக ஆபீஸில் ரிடையர் ஆனவர். மகள் சுமா ஒரு பெங்காலியைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா போனதிலிருந்து, போனில் அவள் குரல் கேட்டாலே வைத்துவிடுவார். "சாட்டுக்காவது வாப்பா" என்று அவள் கடிதம் போட்டாள். மாமா காலை ஏழு மணிக்கே என் கடைக்கு வந்துவிட்டார்.

தட்டத் தெரியாது. ஸ்டெனோவிடம் சொல்வதுபோல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொல்வார். நான் தங்கிலீஷில் தட்டுவேன். முடிந்ததும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்துக்கொள்வார். எதற்கு மாமா என்றேன்.

"காப்பி இல்லாம ஒரு கடுதாசி வெளியில போகலாமாம்மா?"

என் அதிகப்பிரசங்கித்தனம்

ஒருநாள், "செத்தாலும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்னு போடு" என்றார். கை வரவில்லை. 'உன்னைப் பார்க்கணும் போல இருக்கு' என்று தட்டிவிட்டேன். காப்பியை இவர் எங்கே படிக்கப்போகிறார், ஃபைலில் போடுவதோடு சரி என்று ஒரு தைரியம். அதற்கு முன்னாலும் அங்கங்கே கொஞ்சம் மாற்றித்தான் தட்டியிருந்தேன்.

பதில் உடனே வந்தது: துர்கா பூஜைக்கு இருவரும் வருகிறார்களாம். படித்துச் சொன்னேன். மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

"சரி, ஒரு காப்பி எடு."

ஃபைலோடு வந்தார்

பூஜை ஆரம்பிக்கிற சஷ்டியன்று தெருவெல்லாம் டாக்கு மேளம் அடிக்கிறார்கள், மாமா ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார். படித்துவிட்டார், மாட்டிக்கொண்டேன். மன்னிச்சுக்கோங்க மாமா என்றேன். அவருக்குக் கோபமே இல்லை. முகம்தான் வெளிறிக் கிடந்தது.

"நீ மாத்தி அடிக்கறது முதல் காப்பியிலயே தெரியும். நாளைக்கு சுமா நேர்ல வரா, அங்க நான் சொல்றதை யாரும்மா மாத்துவா?"

நேரில்

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நானும் மாமா வீட்டில் போய் நின்றேன், வேறு என்ன செய்ய! வாசலில் சுமா, பின்னால் பெட்டியோடு மாப்பிள்ளை. "யாரைக் கேட்டு..." என்று ஆரம்பித்த மாமா, பாதியில் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். "உள்ள வாங்கன்னு சொல்றார்" என்றேன். மாமா தலையாட்டினார். சுமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இத்தனை நாளும் நீங்கதானா அக்கா?"

சாட்டில் உட்கார்ந்து தட்டுகிற வேலை, நேரில் என்றால் பூஜையின் மிச்ச நாலு நாளும் நின்றுகொண்டே செய்யவேண்டியிருக்கிறது.