அம்மா கழுவிய திராட்சை

சுத்தத்தில் என் அம்மாவை மிஞ்சப் பாரிசின் லா சப்பலில் ஆள் இல்லை. மழைத்தண்ணீரையும் கழுவிவிட்டுத்தான் குடிப்பார் என்று அப்பா கேலி செய்வார். அந்தச் சுத்தம் மாமாவின் திராட்சைத் தோட்டத்தையே காவு வாங்கப் பார்த்தது. எனக்கு அப்போது எட்டு வயது.

மாமா, அம்மாவின் தம்பி. உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர், திடீரென்று தெற்கே ஒரு கிராமத்துக்குப் போனார். அங்கே ஒரு கிழவர் கைவிட்டிருந்த திராட்சைத் தோட்டத்தைத் தான் எடுத்து வைன் செய்யப்போவதாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தான் வைன் செய்யப்போகிறானாம் என்று இங்கே எங்கள் ஆட்களும் சிரித்தார்கள், அங்கே அந்தக் கிராமமும் சிரித்தது. மாமா காதில் போட்டுக்கொள்ளாமல் குளிர்காலம் முழுக்க முட்புதர் வெட்டினார். கிழவர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். முதல் அறுவடையில் வாயில் வைக்கக்கூடிய வைன் வராவிட்டால், செத்த கொடிகளென்று எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்.

அந்தக் கிராமத்தில் வைன் போட இடம் கிடைக்காததால், பழத்தை வான் வண்டியில் ஏற்றி வந்து எங்கள் கடையின் நிலவறையில் இறக்கினார். சாறு ஊறவைக்கும் தொட்டி எடுத்துவர அவரும் அப்பாவும் புறநகர் ஓல்னே வரை போயிருந்த நேரத்தில், அம்மா ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். பழமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

"மருந்தடிச்ச பழம். இப்பிடியே போட்டா ஆர் குடிக்கிறது?"

குளியல் தொட்டியில் உப்பும் மஞ்சளும் கரைத்து, குலை குலையாக அலசி எடுத்தார்.

அந்த வெள்ளைப் பூச்சில் ஒட்டியிருக்கும் நொதிதான் சாற்றைப் புளித்துப் பொங்கவைக்கும், வேறு எதையும் கலப்பதில்லை என்பது மாமாவின் பிடிவாதம். எங்களுக்கு அது தெரியாது. திரும்பி வந்தவர் பழத்தைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் கழுவியிருக்கிறியள், அக்கா" என்றார். அவ்வளவுதான்.

பிழிந்து ஊற்றிய சாறு தொட்டியில் பொங்கவில்லை. பள்ளிக்கூடம் போகுமுன் நான் போய்க் காதை வைத்துப் பார்ப்பேன், ஒரு சத்தமும் இராது. பிறகு நிலவறையில் காடி நாற்றம் கிளம்பியது. காரணத்தை அப்பா சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பாரிசில் மகளைப் பார்க்க வந்த கிழவர் எங்கள் நிலவறைக்கும் வந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசைக் கீழே வைத்தார். கொடிகள் செத்துவிட்டன, நான்தான் சொன்னேனே என்றார். மாமா வாய் திறக்கவில்லை.

அம்மாவின் பிரெஞ்சு போன்ஜூரைத் தாண்டாது. என் கையைப் பிடித்து முன்னே இழுத்தார்.

"கழுவினது நான் எண்டு சொல்லு. கொடியிலை பிழையில்லை, தம்பியிலையும் பிழையில்லை எண்டு சொல்லு."

"சொல்லாதை!" என்றார் மாமா. அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். அம்மாவின் நகம் என் கையில் பதிந்துகொண்டே போனது. நான் சொல்லிவிட்டேன்.

எதால் கழுவினாள் என்று கிழவர் கேட்டார். உப்பாலும் மஞ்சளாலும் என்றேன். அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். அப்படியானால் கொடிக்கு உயிர் இருக்கிறது, அடுத்த வருடமும் செய், இவளை மட்டும் பழத்துக்குக் கிட்ட விடாதே என்றார்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

கிழவர் போனதும் மாமா துள்ளிக் குதிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்து நின்றார்.

"ஏன் அக்கா சொன்னனீங்கள்?"

"தோட்டம் இருக்குத்தானே" என்று சொல்லி அம்மா கண்ணைத் துடைத்தார்.

தோட்டம் போனாலும் போகட்டும், அக்காவைப் பார்த்து ஒருவன் சிரிக்கக்கூடாது என்று ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டு நிற்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமாவுக்குச் சந்தோஷப்படவே தெரியவில்லை என்று மேலே ஓடிப்போய் அப்பாவிடம் கோள் சொன்னேன்.